அலுமினியம் தெரியுமுங்களா?

சேர்வராயன் கோயிலுக்குள் நிமிர்ந்து போக முடியாது. அது ஒரு குகை. எஸ்டேட் முதலாளியானாலும் கூலிக்காரரானாலும் இடுப்பை வளைத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்தப் பங்குனி மாதக் காலையில் எனக்கு முன்னால் ஐம்பது பேராவது குனிந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஈரப் பாறை வாடையும் கற்பூரப் புகையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. எல்லோருக்கும் ஒரே வேண்டுதல். மழை.

காப்பிச் செடி ஒரு விசித்திரமான பிறவி. மாசியில் மொட்டுக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். ஒரு நல்ல மழை விழுந்தால்தான் விரியும். மழை தவறினால் மொட்டு கருகும். அந்த வருடம் காய் கிடையாது. நான் சொல்லும் வருடம் மலையில் தை முதல் ஒரு சொட்டு இல்லை.

எனக்குப் பின்னால் நாகலூர்ச் சடையன் நின்றிருந்தார். மலையிலேயே பிறந்து மலையிலேயே உழுகிறவர். அரை ஏக்கர் காப்பி, கொஞ்சம் கேழ்வரகு, இரண்டு மாடு. அவர் வாய் எதையோ விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

"சாமி, இன்னும் நாலு நாளைக்கு மழை வேண்டாம்."

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களில் சிலர் என்னை நல்லவன் என்று நினைத்துக் கடிதம் எழுதுகிறார்கள். இந்த வாரத்தோடு அது சரியாகிவிடும்.

பலகையில் மிச்சமிருந்த இடம்

நான் சேலத்தில் ஒரு பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டிப் பழகியவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டுக்கு வந்து, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு வெல்டிங் பட்டறை வைத்தேன். மலையில் பங்களாக்கள் நிறைய. பங்களாவுக்கு ஒரு கேட்டாவது இருக்கும். பனியில் கேட் துருப்பிடிக்கும். என் தொழில் அறிவும் எதிர்காலத் திட்டமும் அவ்வளவுதான்.

போர்டு எழுத அடிவாரத்திலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தேன். 'கேஸ் வெல்டிங் வேலைகள் செய்யப்படும்' என்று எழுதச் சொன்னேன். எழுதி முடித்து, தள்ளி நின்று பார்த்தவர் முகம் சுளித்தார்.

"கீழ மொட்டையாக் கிடக்குதுங்க. என்னமோ ஒண்ணு எழுதிப்போடட்டுங்களா?"

"எழுதுங்க."

அவர் சிவப்புப் பெயிண்டில், 'இங்கு சகல உலோகங்களும் ஒட்டித் தரப்படும்' என்று எழுதினார். பார்க்க நன்றாக இருந்தது. எனக்குத் தெரிந்த உலோகம் இரும்பு ஒன்றுதான். ஆனால் மலையில் வேறு உலோகத்தை யார் கொண்டுவரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் யாரும் கொண்டுவரவில்லை. அதனால் அந்த வரி உண்மை என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

டீச்சரம்மா வந்தார்

நாகலூர்ப் பக்கம் ஒரு நடுத்தர எஸ்டேட். அதன் சொந்தக்காரரை எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். சமவெளியில் எங்கேயோ முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் இறந்ததும் எஸ்டேட் இவர் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்று ஜெபமாலையும் புத்தகமுமாக இருக்க நினைத்தவர், காப்பிச் செடிகளுக்கு வகுப்பெடுக்க வந்து சேர்ந்தார்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் அவருடைய ஜீப் என் பட்டறை முன் நின்றது. ரைட்டர் சூசை முதலில் இறங்கினார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் ஆள் பேர் எழுதி வேலை பார்க்கிறவர். கதை எழுதுகிறவர் இல்லை. ஆனாலும் சூசை எதையும் கதையாகத்தான் சொல்வார்.

"ஏனுங்க வெல்டரு, நேத்து எங்க எஸ்டேட்டுல ஒரு அநியாயம் நடந்துபோச்சுங்க. தண்ணி தெளிக்கிற குழாய் இருக்குதில்லீங்களா, அலுமினியக் குழாய், அறுபதும் களத்தோரமா அடுக்கி வெச்சிருந்தோம். மரம் ஏத்துன டிராக்டரு பின்னால வந்துதுங்க. பின்னாலயே வந்துதுங்க. நிக்கவே இல்லீங்க..."

"நாற்பத்துமூணு குழாய் வீணாப்போச்சு" என்று டீச்சரம்மா கதையை முடித்தார். ஒன்றோடொன்று மாட்டுகிற கழுத்துப் பகுதிகள் பிய்ந்தும் விரிந்தும் போயிருந்தன. மழை வராவிட்டால் குட்டையிலிருந்து பம்ப் வைத்துச் செடிக்குத் தண்ணீர் தெளித்தாக வேண்டும். இருபது நாளுக்குள் குழாய் தயாராக வேண்டும். இரண்டு வருடமாக விளைச்சல் சரியில்லை; இந்தப் பூவும் தவறினால் எஸ்டேட்டை விற்றுவிடும்படி சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். இதையெல்லாம் அவர் கரும்பலகையில் எழுதுவதுபோல வரிசையாகச் சொன்னார்.

சூசை என் போர்டை நிமிர்ந்து பார்த்தார். "அலுமினியம் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்றேன்.

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டேன். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடி வழியாக என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "நாளைக்குக் களத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சாது மிரண்டால்

சேலத்துக்கு ஓடினேன். வெல்டிங் சாமான் விற்கும் கடையில் அலுமினியக் கம்பியும், ஒரு டப்பா வெள்ளைப் பொடியும் கொடுத்தார்கள். அதற்கு பிளக்ஸ் என்று பெயர். தண்ணீரில் குழைத்து ஒட்டுமிடத்தில் தடவ வேண்டும் என்றார் கடைக்காரர். டப்பாவைச் சுற்றிப் பொடி எழுத்தில் ஆங்கிலம். என் ஆங்கிலம் எட்டாம் வகுப்போடு மலையிறங்கிப் போயிருந்தது. முதல் இரண்டு வரியை எழுத்துக்கூட்டிப் படித்து, மீதியும் அதையேதான் சொல்லும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காப்பி உலர்த்தும் களத்தில் முதல் குழாயை மரக்கட்டைமேல் வைத்துச் சுடரைக் காட்டினேன்.

இரும்பு வாய்விட்டுப் பேசும் ஜாதி. சூடேறினால் சிவக்கும், இன்னும் ஏறினால் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 'உருகப்போகிறேன், பார்த்துக்கொள்' என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் உருகும். அலுமினியம் நிறம் மாறாது. வெள்ளையாக, அமைதியாக, ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். இன்னும் சூடேறவில்லை போலிருக்கிறது என்று சுடரை நெருக்கினேன். அடுத்த நொடி, என் கண் எதிரே குழாயின் கழுத்தோரம் உருகித் தொப்பென்று மண்ணில் விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

இரண்டாவது குழாயில் சுடரைத் தள்ளிப் பிடித்தேன். கம்பி உருகி, ஒட்டாமல், தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடியது. கொஞ்சம் நெருக்கினேன். தொப்.

மூன்றாவதும் போனது. களத்தில் அப்போது யாரும் இல்லை. காப்பித்தோல் மலைபோலக் குவிந்து கிடந்தது. மூன்று குழாய்களையும் அந்தக் குவியலுக்குள் செருகி, மேலே தோலைத் தள்ளி மூடினேன். இருபதடி நீளக் குழாயைப் புதைப்பது சின்ன வேலையில்லை. அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

அன்று சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பும் வழியில் வானத்தைப் பார்த்து மனமுருக வேண்டிக்கொண்டேன். 'நாளைக்கே மழை கொட்டட்டும். குழாயே வேண்டாம் என்று ஆகட்டும்.' அந்த வருடம் மலையில் என்னைப்போல மழைக்கு ஏங்கியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மழை வரவில்லை.

சோப்புக் கை

மூன்றாம் நாள் மத்தியானம் நடந்தது இது.

களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன். எஸ்டேட்டில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. சோப்புப் போட்ட கையை அலச ஒரு சொம்புக்கு மேல் கிடையாது என்று காளியம்மாக்கா கறாராகச் சொல்லியிருந்தார். அவர்தான் பெண்ணாட்களுக்குத் தலைமை. அவர் சொன்னால் டீச்சரம்மாவே ஒரு சொம்புதான் எடுப்பார்.

பாதி சோப்பு கையிலேயே இருந்தது. அந்தக் கையோடு குழாயைத் தூக்கி வைத்துச் சூடு காட்டினேன். என் விரல் பட்ட இடத்தில் சோப்பு பழுப்பாக மாறியது. பிறகு கறுத்தது. மனதுக்குள் எண்ணினேன். கறுத்த கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் தடவியிருந்த பிளக்ஸ் கண்ணாடிபோல இளகி ஓடியது. அதன் அடியில் அலுமினியம் ஈரம் பட்டதுபோல மினுங்கியது. அந்த மினுக்கத்தில் கம்பியை வைத்தேன். உருண்டு ஓடவில்லை. உள்ளே போனது. சுடரை எடுத்துவிட்டேன்.

ஆறியதும் கழுத்தைப் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

நான் களத்தில் தனியாகச் சிரித்தேன். அலுமினியம் பேசாது, ஆனால் சோப்பு அதற்காகப் பேசும். இது உலகத்தில் எத்தனையோ பேருக்கு எப்போதோ தெரிந்த சங்கதி என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நானே கண்டுபிடித்ததாகத்தான் நினைத்தேன். அந்த நினைப்பு என்னை என்ன செய்தது என்றால், அடுத்த நாளிலிருந்து விடியுமுன் களத்துக்குப் போனேன். ஒவ்வொரு குழாயிலும் சோப்புக் கோடு இழுத்தேன். ஒட்டு அழகாக வரவேண்டும் என்று அரத்தால் ராவி வழவழப்பாக்கினேன். இருபத்தைந்தாவது குழாயின் ஒட்டு நகைக்கடைச் சாமான்போல இருந்தது. சூசையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. குழாயா, கொலுசுங்களா?" என்றார்.

அதுவரை நான் கேட் செய்திருக்கிறேன்; ஜன்னல் செய்திருக்கிறேன். எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. முதல்முறையாக ஒரு வேலையை இன்னொரு தடவை பார்க்கவேண்டும்போல இருந்தது.

இங்கேதான் என் புத்தி கெட்டது. மழை வந்துவிட்டால் இந்தக் குழாய்களுக்கு வேலையில்லை. கொட்டகைக்குள் போய்விடும். என் ஒட்டு தண்ணீர் அழுத்தத்துக்கு நிற்குமா நிற்காதா என்று யாருக்கும், எனக்கும்கூட, தெரியாமல் போய்விடும். சூசை, டீச்சரம்மா கொடுத்துவிட்ட தேங்காயோடு மழைக்காகச் சேர்வராயனைக் கும்பிடக் கிளம்பியபோது நானும் கூடவே போனேன். அதே டீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் மழைக்காகப் பூசை வைத்திருந்தார். கணக்கு டீச்சர், விடையை இரண்டு வழியில் போட்டுச் சரிபார்ப்பவர்.

குகைக்குள் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். என் ஒட்டைச் சோதிக்க ஒரு மலையே காயட்டும் என்று கேட்டேன்.

பாதி மழை

ஒரு வாரம் முன்பு மழை வா என்றவன், இப்போது வராதே என்கிறான். சாமிக்கும் குழப்பமாக இருந்திருக்கும். பாதி கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் மேகம் இறங்கியது. தகரக் கூரையில் தடதடவென்று சத்தம். களத்தில் பெண்கள் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். சூசை குடையை மடக்கி வைத்துவிட்டு நனைந்தார். நான் கொட்டகைக்குள் நாற்பது குழாய்களோடு நின்று, வெளியே இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம். சட்டென்று நின்றுவிட்டது. வெயில் அடித்தது.

மறுநாள் காலை டீச்சரம்மா மழைமானிக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு அங்குலமாவது வேண்டும். கால் அங்குலம்கூட இல்லை.

"வராமலே இருந்திருக்கலாம்" என்றார்.

சூசைக்கு அதிர்ச்சி. "ஏனுங்க டீச்சரம்மா, வந்த மழையைப் போயி..."

"மொட்டு முழிச்சுக்கிச்சு சூசை. முழிச்ச மொட்டுக்கு மீதித் தண்ணி ரெண்டு நாளைக்குள்ள வேணும். இல்லேன்னா பாதியில விரிஞ்சு கருகிடும். தூங்குன மொட்டு இன்னும் பத்து நாள் காத்திருக்கும். முழிச்சது காத்திருக்காது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில பம்ப் ஓடணும். குழாயைக் காட்டுங்க."

கடைசி வரி

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொட்டகையைத் திறந்துவிட்டேன். டீச்சரம்மா குனிந்து ஒட்டுகளைப் பார்த்தார். முதலில் ஒட்டிய குழாய்களின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக, மாவுபோல ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டார். பொடியாக உதிர்ந்தது. அதன் அடியில் அலுமினியம் அம்மைத் தழும்புபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"காப்பிக்கு முந்தி உங்க குழாய் பூத்திருச்சு போலிருக்கே. அந்த டப்பா எங்கே?"

கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டப்பாவைச் சுழற்றிச் சுழற்றி முழுவதும் படித்தார்.

"கடைசி வரியைப் படிச்சீங்களா?"

நான் டப்பாவை எட்டிப் பார்த்தேன்.

"வேலை முடிஞ்சதும் சுடுதண்ணியில தேய்ச்சுச் சுத்தமாக் கழுவணும்னு போட்டிருக்கு. கழுவாம விட்டா இந்தப் பொடியே அலுமினியத்தை அரிச்சுடுமாம்." டப்பாவை மூடினார். "அப்புறம் இன்னொண்ணு. இங்கே நாற்பது குழாய் இருக்கு. டிராக்டர் ஏறினது நாற்பத்துமூணு."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. காப்பித்தோல் குவியலைக் கையால் விலக்கினேன். நொதித்துப்போன புளிப்பு வாடை குப்பென்று அடித்தது. மூன்று குழாய்களையும் இழுத்து அவர் காலடியில் போட்டேன். சூசை வாயில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு அலுமினியம் தெரியாதுங்க டீச்சரம்மா. பொய் சொல்லிட்டேனுங்க."

"அது முதல் நாளே தெரியும். கேள்வி முடியறதுக்கு முந்தியே கையைத் தூக்குற பையனுக்கு விடை தெரியாது. முப்பது வருஷம் பார்த்திருக்கேன்."

"அப்புறம் ஏனுங்க வேலையைக் குடுத்தீங்க?"

"சேலத்துல விடை தெரிஞ்ச மூணு பேரைக் கேட்டாச்சு. ஒருத்தரும் மலையேறி வரல. வகுப்புல மிச்சம் இருந்தது நீங்கதான்." குழாய்களைக் கையிலிருந்த குடையால் சுட்டினார். "இந்த மூணையும் சேர்த்து ஒட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் கழுவியாகணும்."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போனார்.

காளியம்மாக்காவிடம் சுடுதண்ணீர் கேட்கப் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பில் கை வைத்துவிட்டார்.

"எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கே வாரத்துக்கு ஒருக்காத்தான் தலைக்கு ஊத்தறோம். இந்தக் குழாய்க்குச் சுடுதண்ணிக் குளியலாமா? அரப்பும் வேணுமுங்களா, சீயக்காயும் வேணுமுங்களா?"

"என்ற தப்புதானுங்க அக்கா."

"தப்புன்னு சொன்னா நாறிப்போன குழாய் மணக்குமா சாமி? நவுரு."

திட்டிக்கொண்டே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். பத்துப் பெண்கள் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் ஒரு பக்கம் அந்த மூன்று குழாய்களின் ஓட்டையான முனைகளை அறுத்தெறிந்து, கழுத்தை மறுபடி ஒட்டினேன். மறுபக்கம் அவர்கள் தேய்த்தார்கள். அரித்துப்போனவற்றில் ஆறு குழாய்களின் ஒட்டுமேல் இன்னொரு சுற்று கூடுதலாக ஒட்டவேண்டி இருந்தது. பொழுது சாய்வதற்குள் நாற்பத்துமூன்றும் குளித்துவிட்டு வெயிலில் காய்ந்தன.

அழகான ஒட்டு

காலையில் குட்டையிலிருந்து கிழக்குச் சரிவு வரை குழாய்கள் மாட்டப்பட்டன. சூசை டீசல் பம்ப்பைச் சுற்றிவிட்டார். குழாய்க்குள் காற்று ஓடும் சத்தம் முதலில் வந்தது. பிறகு தண்ணீரின் கனமான சத்தம். நான் வரிசையோடு ஓடினேன். ஒவ்வொரு ஒட்டிலும் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காய்ந்திருந்தது. இதுவும் காய்ந்திருந்தது. சரிவின் உச்சியில் தெளிப்பான்கள் சுழலத் தொடங்கின. செடிமேல் தண்ணீர் சரசரவென்று விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்போது கீழே, வேலியோரம், பட்டென்று ஒரு சத்தம்.

வெடித்தது எது என்று போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தோண்டியெடுத்த மூன்றும் இல்லை; அரித்துப்போன ஆறும் இல்லை. சூசைக்குக் காட்டிய அந்தக் கொலுசு. அழகுக்காக அரம் போட்டு ராவியதில் ஒட்டை மெலிய வைத்திருக்கிறேன். கழுத்து பிளந்து, தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் மழையாக விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் சடையனின் அரை ஏக்கர்.

அவர் மண்வெட்டியோடு காப்பிக்கு நடுவில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். நான், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பம்ப்பைப் பார்த்துக் கத்தினேன். பின்னால் வந்த டீச்சரம்மா என் தோளைக் குடையால் தட்டினார்.

"கத்தாதீங்க. மேல தெளிப்பான் சுத்துதா?"

"கொஞ்சம் மெதுவாச் சுத்துதுங்க."

"சுத்தட்டும். ஒரு மணி நேரம் கழிச்சு நிறுத்திச் சரிபண்ணுங்க." வேலிக்கு அப்பால் பார்த்தார். "அவரு செடியும் முந்தாநேத்து மழையில முழிச்சுக்கிட்டதுதான்."

ஒரு மணி நேரம் அந்த உடைந்த குழாய் சடையனின் செடிகள்மேல் மழை பொழிந்தது. பம்ப்பை நிறுத்தியதும் அவர் வேலியைத் தாண்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மகராசனா இரு தம்பி. எம்பட காட்டுக்கும் தண்ணி உடோணும்னு உனக்குத் தோணுச்சு பாரு."

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒட்டு தானாக உடைந்தது என்று சொன்னேன். அதோடு நிறுத்தாமல், குகைக்குள் அவருக்கு முன்னால் நின்றுகொண்டு மழை வேண்டாம் என்று கேட்டதையும் சொன்னேன்.

சடையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் மழை கேக்கலீங்க தம்பி."

"பின்னே?"

"எம்பட செவலை மாடு கன்னு போட முடியாம ரெண்டு நாளா நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைத்தான் கேட்டேன். மழையத்தான் எல்லாரும் கேப்பாங்களேன்னு உட்டுட்டேன்."

"கன்னு போட்டுதுங்களா?"

"போட்டுதுங்க. பொட்டக் கன்னு, கெடேரி."

பத்தாம் நாள்

தண்ணீர் தெளித்த பத்தாம் நாள் காலையில் சூசை ஜீப்போடு வந்து என்னை அழைத்துப்போனார். எஸ்டேட் வாசலுக்கு ஒரு வளைவு முன்பே வாசனை வந்துவிட்டது. கிழக்குச் சரிவு முழுக்கக் கிளையே தெரியாமல் வெள்ளை. தேனீக்களின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. தண்ணீர் எட்டாத மேற்குச் சரிவில் பூ பாதியும் விரியாமல் கருகிய மொட்டு பாதியுமாக இருந்தது. வேலிக்கு அப்பால் சடையனின் அரை ஏக்கரில், குழாய் பீய்ச்சிய தூரத்துக்கு ஒரு விசிறிபோல வெள்ளை விரிந்திருந்தது. விசிறியின் ஓரத்தோடு பூ நின்றுவிட்டது.

டீச்சரம்மா ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார். பாதி எஸ்டேட்டின் பூ. இந்த வருடம் விற்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னார். எனக்குப் பாராட்டு எதுவும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதலாம். பொய். எதிர்பார்த்தேன்.

சித்திரையில் ஒரு நாள், மலையிலிருந்த பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பியூன் ஒருவர் ஒரு வெண்கல மணியைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார். வகுப்பு முடிந்தால் அடிக்கிற மணி. விளிம்பிலிருந்து நடுவரை விரிசல்.

"இதை ஒட்டித் தரமுடியுங்களா?"

"வெண்கலம் எனக்குத் தெரியாதுங்க" என்றேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது, ஆனால் சொல்லிவிட்டேன். சொன்னதும் உடம்பு லேசானது. அவர் மணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பகல் முழுவதும் என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன்.

மறுநாள் காலை அதே பியூன், அதே சாக்கு.

"ஏனுங்க, நேத்தே சொன்னேனே, எனக்குத் தெரியாதுன்னு?"

"ஆமாங்க. எங்க பள்ளிக்கூடத்தை நடத்துற சிஸ்டருங்க நாகலூர் டீச்சரம்மாகிட்டப் போயி, நல்ல வெல்டரா ஒருத்தரைச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. வெல்டரு தெரியாதுன்னு சொல்லிட்டாருங்கிறதையும் சொன்னாங்க." பியூன் மணியை என் மேஜைமேல் இறக்கினார். "'தெரியாதுன்னு அவரே சொன்னாரா? அப்படின்னா அவருகிட்டயே குடுத்துடுங்க'ன்னு டீச்சரம்மா சொல்லிட்டாங்களாம்."

"எப்ப முடியும்னும் எனக்குத் தெரியாதுங்களே."

"அதையும் சொல்றாரான்னு பார்த்துக்கிட்டு வரச் சொன்னாங்க டீச்சரம்மா" என்று பியூன் திருப்தியாகச் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

மணியை ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். ஓட்டைப் பானையைத் தட்டினதுபோல இருந்தது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்க ஆறு வாரம் இருந்தது.